நீலத்தாடிக்காரன் கதை: சாவியில் படிந்த கறை யாருடைய குற்றத்தைக் காட்டுகிறது?

அரைவெளிச்சம் (கேள்வி)

ஷார்ல் பெரோ 1697இல் பாரிசில் வெளியிட்ட தொகுப்பிலுள்ள நீலத்தாடிக்காரன் கதையை, சிறுவர்களுக்காகச் சுருக்கப்பட்ட வடிவத்தில் அல்லாமல் முழுமையாக அண்மையில் படித்தேன். கதை மிகச் சிறியது. ஆனால் அதைப் படித்த பிறகு எழுந்த ஐயங்கள் கதையைவிட நீண்டு போனதால் அவற்றை இங்கே வைக்கிறேன்.

மறந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். பெருஞ்செல்வன் ஒருவனுக்குத் தாடி நீல நிறம். அதனாலேயே பெண்கள் அவனைக் கண்டு விலகி ஓடுகிறார்கள். அவன் ஏற்கெனவே பலரை மணந்தவன்; அவர்கள் என்ன ஆனார்கள் என்பது எவருக்கும் தெரியாது. அண்டை வீட்டுச் சீமாட்டியின் இளைய மகள் அவனை மணக்க இசைகிறாள். ஒரு மாதம் கழிந்ததும், ஆறு வாரமாவது பிடிக்கும் பயணம் ஒன்றுக்குப் புறப்படும் கணவன் வீட்டின் எல்லாச் சாவிகளையும் அவளிடம் ஒப்படைத்து, கீழ்த்தளத்து நெடுங்கூடத்தின் கோடியிலுள்ள சிறிய அறையை மட்டும் திறக்கவே கூடாது என்று எச்சரிக்கிறான். அவள் திறக்கிறாள். உள்ளே முந்தைய மனைவியர் கழுத்தறுபட்டுக் கிடக்கிறார்கள். நடுக்கத்தில் சாவி கைநழுவி விழுகிறது. அதில் ஒட்டிய இரத்தம் எவ்வளவு தேய்த்தும் போவதில்லை. ஒரு பக்கம் நீக்கினால் மறுபக்கம் தோன்றுகிறது. அன்று மாலையே கணவன் திரும்பிவிடுகிறான். கறையைக் கண்டு அவளையும் கொல்ல முனைகிறான்; கடைசி நொடியில் வந்து சேரும் அவளுடைய சகோதரர்கள் அவனைக் கொன்றுவிடுகிறார்கள்.

இரத்தம் அவன் சிந்தியது. கொலைகள் அவன் செய்தவை. அப்படியிருக்க, கறை மட்டும் ஏன் அவள் கையிலிருக்கும் சாவியில் ஒட்டி, அவளையே குற்றவாளியாகக் காட்ட வேண்டும்? அவள் அறையைத் திறக்கக் கூடாது என்று அவன் உண்மையிலேயே எண்ணியிருந்தால் அந்தச் சாவியைக் கூடவே எடுத்துச் சென்றிருக்கலாமே, ஏன் கொடுத்தான்? எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழிப்பது மற்றொன்று. மனைவியர் கொல்லப்பட்டது அறையைத் திறந்ததற்காக என்று கொண்டால், முதல் மனைவி திறந்தபோது அந்த அறையில் என்ன இருந்தது?

ஆர்வக்கோளாறு கேடு தரும் என்னும் வழக்கமான விளக்கம் இவற்றில் ஒன்றுக்கும் விடை சொல்வதில்லை. உளப்பகுப்பாய்வாளர் புரூனோ பெட்டல்ஹைம், 1976இல் வெளிவந்த தமது நூலில், கறையை மனைவியின் பாலியல் துரோகத்தின் குறியீடாக வாசித்தார்; அந்த வாசிப்பும் எனக்கு மனநிறைவு தரவில்லை, ஏனெனில் அது கொலைகாரன் சுமத்தும் குற்றச்சாட்டை அப்படியே ஏற்றுக்கொண்டு அதற்கு ஓர் ஆழமான காரணத்தைத் தேடித் தருவதுபோல் இருக்கிறது. இக்கதையின் தெளிவின்மை திட்டமிட்டு வைக்கப்பட்டதா, அல்லது வாய்மொழியில் தேய்ந்துபோன கதையின் ஓட்டைகளை நாம் குறியீடு என்று கொண்டாடுகிறோமா? இதைப் பிரித்தறிய ஏதேனும் வழி உண்டா?

ஏட்டுச்சுவடி

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். ஒரு பொருளைக் குறியீடு என்று கொள்வதற்கு முன், கதைக்குள்ளேயே அதற்கு இணையான மற்றொரு பொருள் இருக்கிறதா என்று தேடுவது என் வழக்கம். ஒற்றையாக நிற்கும் பொருளைப் பற்றி நாம் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று நோக்கி நின்றால் அங்கே ஆசிரியரின் கை தெரிகிறது.

இக்கதையில் அப்படியொரு இணை இருக்கிறது. கணவன் ஊரில் இல்லாதபோது விருந்தாட வரும் தோழியர் வீட்டைச் சுற்றிப் பார்த்து வியக்கும் பொருள்களுள், உச்சிமுதல் உள்ளங்கால்வரை தம்மையே காட்டும் கண்ணாடிகளும் உண்டு. (வெர்சாய் அரண்மனையின் கண்ணாடிக் கூடம் 1684இல்தான் முடிந்தது. ஆளுயரக் கண்ணாடி என்பது பெரோவின் வாசகர்களுக்குப் பெருஞ்செல்வத்தின் உடனடி அடையாளமாக இருந்திருக்கும்.) மேல்தளத்தில் பெண்கள் அந்தக் கண்ணாடிகளில் தம் உருவைக் கண்டு மகிழ்ந்துகொண்டிருக்கையில், மணப்பெண் பொறுமையிழந்து, கழுத்து முறிந்துவிடும் போன்ற வேகத்தில், மறைவான படிக்கட்டு வழியே கீழே இறங்குகிறாள். அறையின் சாளரங்கள் மூடியிருப்பதால் அவளுக்கு முதலில் எதுவும் தெரிவதில்லை. சற்று நேரம் கழித்துத்தான் தரையெங்கும் உறைந்த இரத்தமும், அந்த இரத்தத்தில் பிரதிபலிக்கும் பெண்களின் உடல்களும் கண்ணுக்குப் புலப்படுகின்றன. அவள் சடலங்களைக் காண்பதே அந்தப் பிரதிபலிப்பின் வழியாகத்தான் என்பதைக் கவனியுங்கள். மேலே உயிருள்ள பெண்களைக் காட்டும் கண்ணாடிகள். கீழே இறந்த பெண்களைக் காட்டும் தரை. உறைந்த இரத்தம் கண்ணாடியைப்போல் உருவங்களைத் திருப்பிக் காட்டுவது நடப்பில் அரிது. அதை எழுதியவர் அந்த இணையை விரும்பியே எழுதினார் என்று துணிந்து சொல்வேன். தோழியர் தம்மைப் பார்க்கிறார்கள். அவளும் தன்னைத்தான் பார்க்கிறாள், நாளைய தன்னை.

இந்த இணையை ஏற்றுக்கொண்டால் கறையின் பொருளும் சற்று நகர்கிறது. அந்த அறையில் அவள் பெற்றது ஓர் அறிவு. தான் மணந்தவன் யார் என்னும் அறிவு. பெற்ற அறிவை இல்லாததாக்க முடியாது என்பதனாலேயே கறை போக மறுக்கிறது. நுண்மணலையும் மணற்கல்லையும் கொண்டு அவள் தேய்ப்பதெல்லாம், எதுவும் அறியாத பழைய மனைவியாக மீண்டும் நடிக்க முயலும் முயற்சி. கணவன் கேட்கும்போதும் சாவியில் இரத்தம் எப்படி வந்தது என்று தனக்குத் தெரியாது என்றே சொல்கிறாள். அவனோ, உனக்குத் தெரியாவிட்டாலும் எனக்கு நன்றாகத் தெரியும் என்கிறான். இருவருக்கும் இடையிலான சண்டை கீழ்ப்படிதலைப் பற்றியதுபோல் தோன்றினாலும் உண்மையில் தெரியும், தெரியாது என்பதைப் பற்றியது. அவனுடைய குற்றத்துக்கான சான்று அவளுடைய குற்றத்துக்கான சான்றாக மாற்றப்படுவது அந்த இடத்தில்தான். அந்த மாற்றத்தைச் செய்பவன் கணவன். கதைசொல்லி அதை மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. நீங்கள் உணரும் தெளிவின்மையின் ஊற்று அதுவே என்று நினைக்கிறேன்.

முதல் மனைவியைப் பற்றி: அவள் திறந்தபோது அறை வெறுமையாக இருந்தது என்று பலரும் ஊகிக்கிறார்கள். அப்படியானால் காப்பதற்கு எந்த இரகசியமும் இல்லாதபோதே அவன் தடையை விதித்தான் என்றாகிறது. தடை இரகசியத்துக்காக ஏற்பட்டதன்று, தடைக்காகவே இரகசியம் உருவாயிற்று. நீங்கள் கேட்ட, சாவியை ஏன் கொடுத்தான் என்பதற்கும் இதுவே விடை. அவனுக்கு வேண்டியது கீழ்ப்படியும் மனைவி அல்லள். தண்டிப்பதற்கு ஒரு காரணம். அறிவிக்காமல் அதே மாலையில் அவன் திரும்பி வருவதையும் இத்துடன் சேர்த்துப் பாருங்கள். வழியில் கடிதங்கள் வந்தன, வேலை சாதகமாக முடிந்துவிட்டது என்று அவன் சொல்கிறான். அந்தக் கடிதங்களை நாம் பார்ப்பதில்லை.

கரடுமுரடு

கண்ணாடியைப் பற்றி மேலே சொல்லப்பட்டது நன்றாக இருக்கிறது, மறுக்கமாட்டேன். ஆனால் முதல் மனைவியைப் பற்றிய வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தடை, மீறல், தண்டனை என்னும் வரிசை இத்தகைய கதைகளை ஓட்டும் எந்திரம். எந்திரம் எப்போது, யாரால் முதன்முதலில் முடுக்கப்பட்டது என்று நாட்டார் கதை ஒருபோதும் சொல்வதில்லை, கேட்பவரும் கேட்பதில்லை. மேலும், முந்தைய மனைவியர் அறையைத் திறந்ததற்காகக் கொல்லப்பட்டார்கள் என்று பெரோ எங்குமே சொல்லவில்லை. அவன் மணந்து, ஒருத்தியை அடுத்து ஒருத்தியாகக் கழுத்தறுத்த பெண்கள் என்பதோடு அவர் நிறுத்திக்கொள்கிறார். காரணத்தை நாமே ஊகித்துச் சேர்த்துவிட்டு, அந்த ஊகத்துக்குள் ஒரு முரண்பாட்டைக் கண்டுபிடித்து, அதைக் கதையின் ஆழம் என்கிறோம். சாவியைப் பற்றியும் பெரோ ஒரே வரியில் அது மாயச்சாவி என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். கணவனுக்கு உண்மை தெரிய வேண்டும், அதற்கு ஒரு கருவி வேண்டும், அவ்வளவுதான்.

சிறகொட்டியவள்

கரடுமுரடு அவர்களின் எச்சரிக்கை தேவையானது. முந்தைய மனைவியர் ஏன் கொல்லப்பட்டார்கள் என்பதைப் பெரோ சொல்லவில்லை என்பது முற்றிலும் உண்மை. எனினும் சாவி வெறுங்கருவி என்பதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். அதே கருவி உடன்பிறப்புக் கதையொன்றில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், கறை எதை அளக்கிறது என்பது தெளிவாகும்.

கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட ஜெர்மானியக் கதைத் தொகுப்பின் முதல் பதிப்பில் நீலத்தாடிக்காரன் கதையும் இருந்தது. அது பிரெஞ்சுக் கதை என்பதால் 1819ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். ஆனால் அதன் நெருங்கிய உறவான ஃபிட்சரின் பறவை என்னும் கதை, தொகுப்பின் நாற்பத்தாறாம் கதையாக இன்றும் இருக்கிறது. அதில் மந்திரவாதி ஒருவன் பிச்சைக்காரன் வேடத்தில் வந்து மூன்று சகோதரிகளை ஒருவர்பின் ஒருவராகக் கவர்ந்து செல்கிறான். ஒவ்வொருத்தியிடமும் சாவிகளோடு ஒரு முட்டையையும் கொடுத்து, எங்கே போனாலும் அதைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்கிறான். முதல் இருவரும் தடுக்கப்பட்ட அறையைத் திறந்து, உள்ளேயிருக்கும் இரத்தத் தொட்டியைக் கண்டு அதிர்ந்து முட்டையைத் தவறவிடுகிறார்கள், கறை போவதில்லை, வெட்டிக் கொல்லப்படுகிறார்கள். மூன்றாமவள் சூட்டிகையானவள். அவள் முதலில் முட்டையைப் பத்திரமாக ஓரிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, பிறகுதான் அறையைத் திறக்கிறாள்.

இங்கேதான் கதை நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. மூன்றாமவளும் தடையை மீறினாள். அக்காமார் கண்ட அதே காட்சியைக் கண்டாள். கண்டதோடு நிற்காமல் துண்டாக்கப்பட்ட அவர்களுடைய உறுப்புகளைச் சேர்த்து வைத்து உயிர்ப்பிக்கவும் செய்தாள். இருந்தும் முட்டையில் கறை இல்லை. திரும்பி வந்த மந்திரவாதி, இவள் சோதனையில் தேறிவிட்டாள் என்று மகிழ்ந்து மணக்க முடிவு செய்கிறான். அந்தக் கணத்திலிருந்து அவளை அடக்கும் ஆற்றலை இழந்து அவள் சொன்னதையெல்லாம் செய்கிறான். கறை என்பது கீழ்ப்படியாமையின் அடையாளமாகவோ பெட்டல்ஹைம் கருதியதுபோல் கற்புப் பிறழ்வின் அடையாளமாகவோ இருந்திருந்தால் மூன்றாம் முட்டையும் கறைபட்டிருக்க வேண்டும். கறை அளப்பது மனச்சான்றையன்று. அதிர்ச்சியில் கை நடுங்கியதா இல்லையா என்பதை மட்டுமே. கொலைகாரன் அதை ஒழுக்கத்தின் அளவுகோலாக நம்புகிறான். அந்த நம்பிக்கையே அவனைக் கவிழ்க்கிறது.

பிறகு அவள் தேன் தொட்டியில் மூழ்கி, கிழித்த மெத்தையின் இறகுகளில் புரண்டு, இனங்காண முடியாத பறவையாக வெளியேறுகிறாள். பல்லிளிக்கும் மண்டையோடு ஒன்றுக்கு மணமகளின் அணிகளைப் பூட்டி மாடச் சாளரத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். வழியில் எதிர்ப்படும் மணமகன் அந்த மண்டையோட்டைத் தன் மணப்பெண் என்று எண்ணித் தலையசைத்து வாழ்த்துகிறான். அவனுடைய கண்ணுக்கு மனைவிக்கும் சடலத்துக்கும் வேறுபாடு தெரிவதில்லை என்பதை இதைவிடக் கொடூரமான நகைச்சுவையோடு சொல்லிவிட முடியாது. அந்தப் பறவை வேடத்துக்குப் பொருள் என்ன என்று என்னைக் கேட்டால், இறப்பு, மறுபிறப்பு என்றெல்லாம் அடுக்குவதற்குத் தயங்குவேன். அந்த உரு கதையில் நன்றாக வேலை செய்கிறது, விளக்கினால் மெலிகிறது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கலாம் அல்லவா?

ஆகவே பெரோவுக்குத் திரும்பினால், கறைபட்ட சாவியை மனைவியின் குற்றத்துக்கு அடையாளமாக வாசிப்பது கணவன் வகுத்த விதிகளை நாமும் ஏற்று விளையாடுவதாகும் என்பதே என் எண்ணம். நீங்கள் பெட்டல்ஹைமிடம் உணர்ந்த உறுத்தலுக்கும் இதுவே காரணம்.

அரைவெளிச்சம்

மூவருக்கும் நன்றி. மூன்றாம் முட்டையைப் பற்றிய விளக்கம் என் முதல் கேள்விக்குக் கிட்டத்தட்ட விடையாகிவிட்டது. முதல் மனைவியைப் பற்றிய கேள்வியில் நான் சற்றுப் பின்வாங்குகிறேன். அது கதையின் கேள்வியைவிட என்னுடைய கேள்வியாக இருக்கலாம்.

ஆனால் இந்த விளக்கத்துக்கு எதிராகப் பெரோவே நிற்கிறாரே? கதையின் முடிவில் அவர் செய்யுள் வடிவில் சேர்த்துள்ள நீதி, ஆர்வம் கவர்ச்சியானதாயினும் பெரும்பாலும் வருத்தத்தில் முடிகிறது என்றே சொல்கிறது. கணவனின் விதிகளை ஆசிரியரும் ஏற்றுக்கொண்டார் என்றுதானே இதற்குப் பொருள்?

மறுபக்கம்

ஒரு நீதியை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். பெரோ இக்கதைக்கு இரண்டு நீதிகளை எழுதியிருக்கிறார். முதலாவது நீங்கள் குறிப்பிட்டது. இரண்டாவது, உலக நடப்பைச் சற்றேனும் அறிந்தவர் இது பழங்காலத்துக் கதை என்று உடனே புரிந்துகொள்வார் என்றும், முடியாததைக் கேட்கும் அத்தகைய பயங்கரக் கணவன் இப்போது இல்லை என்றும், கணவனின் தாடி எந்த நிறமாக இருந்தாலும் இருவரில் தலைமை யாருடையது என்று சொல்வதே கடினம் என்றும் கேலியாக முடிகிறது. முதல் நீதி மனைவியைக் குறை கூறுகிறது. இரண்டாவது நீதி, கணவன் கேட்டதே முடியாத ஒன்று என்று ஒப்புக்கொள்கிறது. இரண்டிலும் கொலைகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சுவர் நெடுகச் சடலங்கள் இருக்கும் கதைக்கு, ஆர்வத்தைப் பற்றியும் குடும்பத் தலைமையைப் பற்றியும் நீதி எழுதிய மனிதர் அரசவை அறிந்தவர், பிரெஞ்சு அகாதெமியின் உறுப்பினர். இந்தப் பொருந்தாமை அவருக்குத் தெரியாமல் நேர்ந்தது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. பிற்காலத்தில் பல மறுகூற்றுகளும் சித்திரப் பதிப்புகளும் முதல் நீதியையே பிடித்துக்கொண்டு, கொலைகாரனைப் பின்னுக்குத் தள்ளி, மனைவியின் ஆர்வத்தைத் தலைப்பாக்கின என்பது வேறு கதை.

நீதிகளைவிட முடிவை நம்புவதே பாதுகாப்பானது. கீழ்ப்படியாத மனைவிக்கு இக்கதையில் என்ன நேர்கிறது? அவனுக்கு வாரிசு இல்லாததால் சொத்து முழுவதும் அவளுக்கே வந்து சேர்கிறது. அவள் அதில் ஒரு பங்கைக் கொண்டு, தன் அக்காள் ஆன் என்பவளை நெடுங்காலமாக விரும்பிவந்த இளைஞனுக்கு மணம் முடித்து வைக்கிறாள். ஒரு பங்கைக் கொண்டு தன் சகோதரர் இருவருக்கும் படைத்தலைவர் பதவிகளை வாங்குகிறாள். எஞ்சியதோடு நேர்மையான ஒருவரை மணந்து பழைய கொடுமையை மறக்கிறாள். ஆர்வம் வருத்தத்தில் முடியும் என்ற நீதிக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டுமா?

வரலாற்றில் மூலத்தைத் தேடுவோர் கில் டி ரே என்னும் பிரபுவைக் காட்டுவதுண்டு. 1440இல் நாந்த் நகரில் தூக்கிலிடப்பட்ட அவர்மீது சுமத்தப்பட்டவை சிறுவர் கொலைகள், மனைவியர் கொலைகள் அல்ல. அந்தத் தடம் நம்மை எங்கும் கொண்டு சேர்ப்பதில்லை. தாடியின் நிறத்தையும் நான் அளவுக்கு மீறித் தோண்டமாட்டேன். ஆனால் ஓரிடத்தை மட்டும் விட மனமில்லை. திருமணத்துக்கு முன் அவன் அண்டை வீட்டுச் சீமாட்டியையும் அவள் மகள்களையும் அவர்களுடைய தோழியர் சிலரையும் அக்கம்பக்கத்து இளைஞர் சிலரையும் தன் நாட்டுப்புற மாளிகைக்கு அழைத்து எட்டு நாள் விருந்து வைக்கிறான். வேட்டை, மீன்பிடித்தல், நடனம் என்று பொழுது கழிகிறது. இறுதியில் இளையவளுக்கு அந்த வீட்டுத் தலைவனின் தாடி முன்போல் அவ்வளவு நீலமாகத் தெரியவில்லை என்கிறார் பெரோ. தாடி மாறவில்லை, பார்ப்பவளின் கண்தான் மாறியிருக்கிறது. பணம் ஓர் அடையாளத்தின் பொருளை எப்படிக் கரைக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஒட்டிய கறை போகாத சாவியையும், பார்க்கப் பார்க்க நிறம் குன்றும் தாடியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஏட்டுச்சுவடி அவர்கள் தேடிய இணைகளுள் இதுவும் ஒன்று என்பேன்.

கரடுமுரடு

தாடியும் சாவியும் என்ற இணையை ஏற்கிறேன். அது கதையின் வாக்கியங்களிலேயே இருக்கிறது. என் தரப்பிலிருந்தும் ஒன்றைச் சேர்க்கிறேன். சாவதற்குமுன் இறைவனை வேண்டிக்கொள்ள அவளுக்குக் கிடைப்பது கால் மணி நேரத்தில் பாதி. அந்த நேரத்தில் கோபுரத்தின்மேல் நிற்கும் ஆனிடம், யாராவது வருகிறார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். வெயிலில் மின்னும் தூசியும் பச்சைப் புல்லும்தான் தெரிகின்றன என்று ஆன் சொல்கிறாள். பிறகு பெரும் புழுதிப்படலம் ஒன்று எழுகிறது. வருவது சகோதரர்களா என்று கேட்டால், இல்லை, ஆட்டு மந்தை என்கிறாள். அதற்கும் பிறகுதான் இரண்டு குதிரை வீரர்கள் தென்படுகிறார்கள். புழுதி ஓர் அடையாளமே. ஆனால் அது முதலில் குறித்தது ஆடுகளை. அடையாளத்தைக் கண்ட மாத்திரத்தில் பொருளை முடிவு செய்யாமல் சற்றுக் காத்திருந்து பார்ப்பவள் இக்கதையில் ஆன் ஒருத்திதான். பெயர் சூட்டப்பட்ட ஒரே பாத்திரமும் அவளே. நாயகிக்குப் பெயரில்லை, கணவனுக்கு இருப்பது பட்டப்பெயர். இதற்கு உள்ளுறை ஏதேனும் உண்டா என்று கேட்டால், சகோதரியைக் கூவி அழைக்க ஒரு பெயர் தேவைப்பட்டது என்பதே என் விடை. ஏட்டுச்சுவடி இதற்கும் ஓர் இணையைக் கண்டுபிடித்தால் மறுத்து எழுத அணியமாக இருக்கிறேன்.